ஜூன் ஒன்றாம் தேதிப் பிள்ளைகள்

எங்கள் இல்லத்தில் ஏழு பெண்களுக்கு ஒரே நாளில் பிறந்தநாள். ஜூன் ஒன்று. பெற்றவர்கள் யாரென்று தெரியாமலோ, தெரிந்தும் விவரம் சொல்ல ஆளில்லாமலோ வந்து சேர்ந்த பிள்ளைகள். பள்ளியில் சேர்க்கும்போது ஏதாவது ஒரு தேதியை எழுதியாக வேண்டும். பள்ளி திறக்கிற மாதத்தின் முதல் நாளை எழுதிவிடுவார்கள். வருடத்தை, பிள்ளையின் உயரத்தையும் பல்லையும் பார்த்துத் தோராயமாகப் போடுவார்கள்.

நான் இங்கே கண்காணிப்பாளராக வந்து சேர்ந்த புதிதில் பதிவேட்டைப் புரட்டியபோது அந்தத் தேதிகளைப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அதற்கு முன் பதினோரு வருடம் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். என் வகுப்புகளிலும் ஜூன் ஒன்றுக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். பழகிப்போன விஷயம்.

எங்கள் இல்லம் காரைக்குடியிலிருந்து அரியக்குடிக்குப் போகிற பக்கம், ஒரு பெரிய வீட்டின் முன்பாதியில் நடக்கிறது. வீடு ஒரு ஆச்சியுடையது. அறக்கட்டளைக்கும் அவர்தான் தலைவர். சென்னையில் மகனோடு இருக்கிறார், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவார். வீட்டின் பின்பாதி பூட்டியே கிடந்தது. முன்பாதியில் ஆறு வயது முதல் பதினேழு வயது வரை இருபத்தேழு பெண்கள், ஒரு சமையல்கார அக்கா, இரவுத் துணைக்கு ஒரு அம்மா, நான். பிள்ளைகள் எல்லாரும் என்னை டீச்சர் என்றே கூப்பிடுவார்கள்.

இல்லம் நடத்துவது என்றால் பெரிய மனசு வேண்டும் என்று வருகிறவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. காலையில் இருபத்தேழு தலைக்குச் சடை போட வேண்டும். இருபத்தேழு தண்ணீர் பாட்டில் நிரப்ப வேண்டும். யாருக்குச் செருப்பு அறுந்திருக்கிறது, யார் நேற்று சாப்பிடவில்லை, எவளுக்கு வகுப்பில் யாரோடு சண்டை என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேன் பார்க்க வேண்டும். சமைத்த சாப்பாட்டில் ஒரு கரண்டி எடுத்து மறுநாள் வரை மூடி வைக்க வேண்டும், யாருக்காவது வயிற்றுக்கு ஆகாமல் போனால் பரிசோதிக்க. இவற்றுக்கு மனசைவிட முழங்கால் வலு அதிகம் தேவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டவுனிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். சாப்பாடு கொண்டுவந்திருந்தார்கள். இப்படி வருகிறவர்களிடம் நாங்கள் முன்கூட்டியே இரண்டு விஷயங்கள் சொல்லிவிடுவோம். பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கொடுக்கக் கூடாது, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முதலாவது சட்டத்தில் உள்ளது. இரண்டாவது நானாகப் போட்டது. அது பிடிக்காமல் வராமல் போனவர்களும் உண்டு.

அந்தக் குடும்பம் நல்ல மாதிரி. எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி கேசரி பரிமாறிக்கொண்டு வந்தாள். பிறந்தநாள் குழந்தை அவளை நிமிர்ந்து பார்த்துக் கேட்டது:

"அக்கா, உங்களுக்கு எப்ப பர்த்டே?"

"ஜூன் ஒண்ணு."

குழந்தை பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தது. "உங்களுக்கு?"

"எனக்கும் ஜூன் ஒண்ணுதான்."

"உங்களுக்கு?"

"ஜூன் ஒண்ணு."

குழந்தைக்கு ஒரே சந்தோஷம். "அம்மா, இவங்க எல்லாருக்கும் ஒரே நாள்ல பர்த்டேம்மா!" என்று கத்தியது. அதன் அப்பா சிரித்தார். அம்மாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். கேசரி பரிமாறியவள் ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த இலைக்குப் போனாள்.

சாயங்காலம், பாத்திரமெல்லாம் கழுவி வைத்த பிறகு, அவள் என் மேசைக்கு எதிரில் வந்து நின்றாள்.

"டீச்சர், நான் நெசமா என்னைக்குப் பொறந்தேன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"எதுக்கு இப்ப?"

"பத்தாப்பு மார்க் சீட்டுல அச்சாயிட்டா அப்புறம் மாத்த முடியாதுன்னு கிளாஸ்ல சொன்னாக. வாழ்க்க பூரா அதுதானாமே."

அவள் சொன்னது சரிதான். தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்ப இன்னும் சில மாதங்கள் இருந்தன. அதற்குள் மாற்றினால் மாற்றலாம். நான் "பாக்கிறேன்" என்றேன். பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லிவிட்டு மறந்திருக்கிறேன். அவள் நகரவில்லை.

"எப்ப பாப்பீக டீச்சர்?"

"நாளைக்கு" என்றேன். மறுநாள் பார்த்தேன்.

அவள் கோப்பில் ஒரே ஒரு தாள் இருந்தது. ஆறு வயது மதிக்கத்தக்க பெண் குழந்தை. தாய் இறந்துவிட்டார். தகப்பன் வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. தூரத்து உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்து ஒப்படைத்தார். தாயின் பெயர், தகப்பன் பெயர், ஒக்கூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர். அவ்வளவுதான். அந்த உறவுக்காரரின் முகவரியை எழுதி, அடித்து, திருத்தி எழுதி, அதையும் அடித்திருந்தார்கள்.

சிவகங்கையில் உள்ள குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, நான் மட்டும் ஒரு நாள் அந்த ஊருக்குப் பஸ் ஏறினேன். இறங்கியதும் டீக்கடையில் கேட்டார்கள்: "யார் வீட்டுக்குப் போகணும்? யாரத் தேடி வந்திருக்கீக?" பிள்ளையைப் பற்றி வெளியில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. "நர்சம்மாவப் பாக்க வந்தேன்" என்றேன். அது உண்மையாகவே போயிற்று. துணை சுகாதார நிலையத்தில் இருந்த இளம் செவிலியர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் வந்து நாலு வருசந்தான் ஆகுது மேடம். எனக்கு முன்னாடி இருந்தவங்க ரிட்டயர்டு ஆகி நாட்டரசன்கோட்டையில இருக்காங்க. ஊருல எல்லாப் புள்ளயும் அவங்க கையிலதான் பொறந்துச்சு" என்றார்.

நாட்டரசன்கோட்டைக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை வீடு பூட்டியிருந்தது. மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்றார்கள். அன்றைக்கு வெயிலில் பஸ்ஸுக்கு நின்றபோது, ஒரு தேதிக்காக இந்த அலைச்சலா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. இல்லத்தில் இருபத்தாறு பேர் வேறு இருக்கிறார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல். ஆனால் திரும்பிப் போனதும் தேதி கேட்டவள் வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்த்த பார்வையில், அடுத்த வாரமும் போவது என்று முடிவாகிவிட்டது.

இரண்டாம் முறை அந்த அம்மா இருந்தார். அறுபதைத் தாண்டிய, கணீரென்ற குரலுள்ள பெண்மணி. நான் தாயின் பெயரையும் ஊரையும் சொன்னதும், கையில் வைத்திருந்த முருங்கைக்கீரையை முறத்தில் போட்டுவிட்டார்.

"அவ மகளா? அந்தப் புள்ள இருக்கா?"

"இருக்கா. பத்தாப்பு படிக்கிறா."

"உள்ள வாங்க. நீங்க உக்காருங்க மொதல்ல."

அவர் பிரசவம் பார்த்த ஒவ்வொரு பிள்ளையையும் சொந்தமாக நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். அலுவலகப் பதிவேடு வேறு, இது வேறு. ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். "எதாச்சும் ஒண்ணுன்னா நாளைக்கு நம்மளத்தானே கேப்பாக, அதுக்குத்தான்" என்றார். பரணிலிருந்து அவர் பேரன் எடுத்துக் கொடுத்த நோட்டுகளில் நான்காவதில் அந்தப் பெயர் இருந்தது. பங்குனி மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதே கால் மணி. பெண். இரண்டரைக் கிலோ.

"ஆஸ்பத்திரி வேனு வரல. வலியோட நடந்தே வந்துட்டா மகராசி. கூட யாருமில்ல" என்றார். "மூணு வருசம் கழிச்சு மஞ்சக்காமாலையில போயிட்டா. நான் எம்புட்டோ சொன்னேன், பெரியாஸ்பத்திரிக்குப் போன்னு. யாரு கூட்டிட்டுப் போறது?"

தேதி கையில் இருந்ததால் அரசுப் பதிவைத் தேடுவது எளிதாக இருந்தது. பிறப்பு முறையாகப் பதிவாகியிருந்தது. தாய் பெயர், தகப்பன் பெயர், தேதி எல்லாம் இருந்தன. குழந்தையின் பெயர் என்ற இடம் மட்டும் காலி. பெயர் வைத்த பிறகு யாரும் வந்து சேர்க்கவில்லை.

நகலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்ததும்தான் கணக்கு டீச்சர் புத்தி வேலை செய்தது. அந்தத் தேதிப்படி அவள் பள்ளிப் பதிவைவிடப் பதினான்கு மாதம் மூத்தவள். அப்படியென்றால் பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை முடியும்போதே பதினெட்டு முடிந்துவிடும். பதினெட்டு முடிந்தவர்கள் இல்லத்தில் இருக்கக் கூடாது. பள்ளியில் உள்ள ஜூன் ஒன்று அப்படியே இருந்தால், பன்னிரண்டாம் வகுப்பை எங்களிடமே இருந்து முடித்துவிடுவாள். நான் தேடிக் கண்டுபிடித்த தேதி அவளை ஒரு வருடம் முன்னதாக வெளியே அனுப்பும்.

வயதுக்கு ஆதாரமாகப் பள்ளிப் பதிவுதான் முதலில் செல்லும், நான் வாயை மூடிக்கொண்டால் யாரும் கேட்கப் போவதில்லை. அந்த நகலைக் கிழித்துப் போட்டுவிட்டு, கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். காரைக்குடி வரும்வரை அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் நன்மைக்குத்தானே என்று நான்கைந்து விதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.

முதலில் ஆச்சிக்குப் போன் செய்தேன். அவர் பட்டென்று சொன்னார்:

"எதுக்கு இந்த வம்பு? பள்ளிக்கூடத்துல இருக்கிற தேதி இருக்கட்டும். புள்ள ஒழுங்காப் படிச்சு முடிக்கட்டும். நீங்க ஏன் தேடிப் போனீக?"

"அவ கேட்டா ஆச்சி."

"புள்ளைக ஆயிரம் கேக்கும்."

ஆச்சி சொன்னதில் தப்பில்லை. நானும் அதைத்தான் பஸ்ஸில் நினைத்தேன். ஆனால் இன்னொருவர் வாயால் கேட்டபோது அது எனக்கு ஒவ்வவில்லை. சமையல்கார அக்காவிடம் சொன்னேன். அவர் இட்லி மாவை வழித்துக்கொண்டே, "அவளோடது, அவகிட்டக் குடுத்துருங்க. அப்புறம் மாதா பாத்துக்குவா, நம்மளும் பாத்துக்குவோம்" என்றார்.

அன்றைக்கே அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து நகலைக் கையில் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தாள். காலியாக இருந்த இடத்தில் விரலை வைத்து, "பேரே இல்ல" என்றாள். பிறகு தாயின் பெயரைத் தொட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நான் பதினெட்டு வயதுக் கணக்கைச் சொன்னேன். ஒளிக்காமல், சுற்றி வளைக்காமல். விரலை மடக்கி எண்ணினாள்.

"அப்ப பன்னெண்டாப்ப எங்க இருந்து படிப்பேன் டீச்சர்?"

"இப்ப எனக்குத் தெரியல. இந்தத் தேதிய யாருக்கும் சொல்லாம விட்டா இங்கயே இருந்து படிச்சிரலாம். நீ யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல."

மூன்று நாள் போயிற்று. அவளுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை என்று அக்கா சொன்னார். நான்காம் நாள் பள்ளிக்குக் கிளம்பும்போது, சடைக்கு ரிப்பன் கட்டிக்கொண்டே வந்து சொன்னாள்:

"நெசத் தேதியே போடுங்க டீச்சர். எங்கம்மா நடந்து வந்து பெத்துச்சுல்ல."

நாட்டரசன்கோட்டை நர்சம்மா சொன்னதை நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

அவள் முடிவு சொல்லிவிட்டாள். இனி என் வேலை. அவள் கையெழுத்தோடு ஒரு மனு, என் மனு, நகல், நோட்டின் பக்கத்தை நகலெடுத்தது, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சிவகங்கைக்குப் போனேன். குழுவின் தலைவராக இருந்த பெண்மணி எல்லாத் தாளையும் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"டீச்சர், இங்க வர்றவங்க எல்லாம் வயசக் கொறைக்கச் சொல்லித்தான் வருவாக. நீங்க கூட்டித் தாங்கன்னு வந்திருக்கீக."

"கூட்ட வேண்டாம் மேடம். உள்ளதப் போட்டுத் தாங்க. அதோட, அவ பன்னெண்டு முடிக்கிற வரைக்கும் இருக்க ஒரு வழி பண்ணித் தாங்க."

வழி சட்டத்தில் இருந்தது. பதினெட்டுக்குப் பிறகும் படிக்கிற பிள்ளைகளை வேறு இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப்பட்ட பெண்கள் விடுதி எங்கள் பக்கத்தில் இல்லை. தொலைவில் உள்ள நகரத்துக்கு அனுப்ப வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியை மாற்ற வேண்டும். தெரிந்த டீச்சர்கள், தெரிந்த பிள்ளைகள் எல்லாரையும் விட்டுப் போக வேண்டும். எங்கள் இல்லத்திலேயே வைத்துக்கொள்கிறேன் என்றேன். சிறு பிள்ளைகளோடு சேர்த்து வைக்க முடியாது என்றார்கள். தனி அறை கொடுக்கிறேன் என்றேன். தனி அறை போதாது, வாசல் தனியாக வேண்டும், குளியலறை தனியாக வேண்டும், பொறுப்புக்குப் பெண் ஊழியர் வேண்டும் என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம். நானே அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் கேட்பேன்.

தனி வாசல் எங்கள் வீட்டில் இருந்தது. பூட்டிக் கிடந்த பின்பாதி அடுத்த தெருவில் போய் முடிகிறது. சாவி ஆச்சியிடம்.

அடுத்த முறை ஆச்சி வந்தபோது நான் கேட்பதற்கு முன்பே அவர் கோபமாகத்தான் இருந்தார். "என்னயக் கேக்காம சிவகங்கை வரைக்கும் போயிட்டீக" என்றார். நான் மறுக்கவில்லை. அவர் சொன்னதையும் மீறித்தான் போனேன், அவர் என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் அந்த மனுவைத் திரும்பப் பெறமாட்டேன் என்று சொன்னேன். ஆச்சி அந்தப் பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார்.

"ஏத்தா, ஒனக்கு இந்த வயசுதான் வேணுமா?"

"ஆமா ஆச்சி."

"வெளிய போகச் சொன்னா?"

"போறேன் ஆச்சி. போயிப் படிப்பேன்."

ஆச்சி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மறுநாள் காலையில் ஒரு ஆசாரியும் ஒரு கொத்தனாரும் வந்தார்கள். பின்கதவின் பூட்டு துருப்பிடித்துச் சாவிக்கு மசியவில்லை. அறுத்துத்தான் எடுத்தார்கள். உள்ளே வௌவால் எச்சமும் உடைந்த கட்டில்களும். ஆச்சி மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு நடந்து, "இங்குட்டு ஒரு செவரு வையி. அங்குட்டு பாத்ரூம். ரெண்டு ரூம் வெள்ளையடி" என்று கையைக் காட்டினார். என்னைப் பார்த்து, "ஒருத்திக்குன்னு பண்ணாதீக. நாலு பேருக்குன்னு பண்ணுங்க. அடுத்து அடுத்து வருவாளுகள்ல" என்றார். இரண்டு மாதத்துக்கு முன்னால் தொலைபேசியில் திட்டிய அதே குரல்தான்.

அனுமதி உடனே கிடைத்துவிடவில்லை. ஆய்வுக்கு வந்தவர்கள் முதல் முறை குறை சொன்னார்கள். சுவர் உயரம் போதவில்லை, பின்தெருவில் விளக்கு இல்லை. சுவரை உயர்த்தினோம். விளக்குக்கு நகராட்சிக்கு நடந்தேன். பொறுப்புக்கு ஆள் தேடியபோது எங்கள் இரவுத் துணை அம்மாவே பின்பக்கத்துக்கு வருகிறேன் என்றார், முன்பக்கத்துக்கு வேறு ஆள் வைத்தோம். சிவகங்கைக்கு எத்தனை தடவை போனேன் என்று எண்ணவில்லை. இதற்குள் அவள் பெயரைப் பிறப்புச் சான்றில் சேர்த்து, பள்ளிப் பதிவையும் மாற்றிவிட்டோம். சரியான தேதியோடு அவள் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதிவிட்டாள்.

அந்தக் கோடை விடுமுறையில் நர்சம்மா அனுமதி வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்க வந்தார். இருவரையும் என் அறையில் உட்காரவைத்தேன். நான் எழுந்து போகப் பார்த்தேன், அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒங்காத்தா மொதல்ல என்ன கேட்டா தெரியுமா?" என்றார் நர்சம்மா. "என்ன புள்ளன்னு கேட்டா. பொம்பளப் புள்ளன்னேன். சில பேரு மூஞ்சியத் திருப்பிக்கிருவாளுக. இவ சிரிச்சா. 'அப்ப எனக்குத் தொணை வந்துருச்சுக்கா'ன்னா."

அப்போதுதான் அவள் அழுதாள். நான் தடுக்கவில்லை. நர்சம்மாவும் அழுதார். அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார்.

பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை முடிந்த வாரம் அவளுக்குப் பதினெட்டு ஆயிற்று. தன் பெட்டியையும் புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியே வெளியே வந்து, தெருவைச் சுற்றி நடந்து, பின்வாசல் வழியே உள்ளே போனாள். சின்னப் பிள்ளைகள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினார்கள், அந்தப் பக்கமிருந்து அவள் பதில் கத்தினாள். சுவர் எதற்கு என்று எனக்கே தோன்றிற்று, ஆனாலும் விதி விதிதான்.

பன்னிரண்டாம் வகுப்பில் அவள் எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை. இயற்பியல் கவிழ்த்துவிட்டது. பிறகு மதுரையில் மருத்துவ ஆய்வக டிப்ளமோவுக்கு விண்ணப்பித்தாள், இடம் கிடைத்தது. இப்போது அங்கே விடுதியில் இருக்கிறாள். விடுதிச் சாம்பாரைத் திட்டி வாரம் ஒரு முறை அக்காவுக்குப் போன் செய்கிறாள்.

மற்ற ஆறு ஜூன் ஒன்றுக்காரர்களின் கோப்புகளையும் எடுத்து வைத்தேன். எல்லாம் இப்படி முடியவில்லை. இரண்டு பேருக்குத் தேதி கிடைத்தது. மூன்றாவது ஒருத்திக்குத் தேதியோடு, உயிரோடு இருக்கிற தாயும் கிடைத்தார். அந்தத் தாய்க்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது, பார்க்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று ஆலோசகரோடு உட்கார்ந்து பல நாள் பேசினோம். சொன்ன பிறகு அவள் என்னோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோபத்தை நான் வாங்கிக்கொண்டேன். இன்னொருத்தி, "எனக்கு எதுவும் தேட வேண்டாம் டீச்சர், ஜூன் ஒண்ணே நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவள் கோப்பை மூடி வைத்திருக்கிறேன். அவள் கேட்டால் திறப்பேன்.

இரண்டு பேருக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதில் இளையவளுக்கு எட்டு வயது. அவளுக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் ஒரு செங்கல் சூளையும், அதன் பக்கத்தில் ஓடுகிற ரயிலும்தான். தண்டவாளம் ஓரமாகச் சூளை உள்ள ஊர்கள் எவை என்று ஒரு பட்டியல் போட்டேன். நான்கு ஊர் பார்த்தாயிற்று. வியாழக்கிழமை ஐந்தாவது ஊருக்குப் போகிறேன், அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சடை போட அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.